பாவாயியின் கைப்பிடி மிஷின்

போன வாரம் என் கல்யாணத்தோடு நிறுத்தியிருந்தேன். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷத்தைத் தாண்டி, எங்கள் வீட்டு நடையில் ஒரு கோணிச்சாக்கு வந்து இறங்கிய மத்தியானத்துக்கு வருகிறேன். நடுவில் விட்டுப்போனதைப் போகிற போக்கில் சொல்லிக்கொள்கிறேன்.

சாக்கைத் தோளில் சுமந்து வந்தவர் என் கொழுந்தனார் முருகேசன். சேலத்திலிருந்து ராசிபுரத்துக்குக் கரி பஸ்ஸில் வந்திருந்தார். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய கொப்பரை மாதிரி மாட்டி, அடுப்புக்கரியைப் போட்டுப் புகைய வைத்துத்தான் ஓட்டினார்கள். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். கொழுந்தனாரின் மீசை, வேட்டி, காது மடல் எல்லாம் கரி. ஆனாலும் முகம் கொள்ளாத சிரிப்பு.

சாக்கின் வாயைப் பிரித்தார். உள்ளே ஒரு தையல் மிஷினின் தலை. ஸ்டாண்டு இல்லை, மிதி இல்லை. யாரோ கழுத்தை அறுத்துக் கொண்டு வந்த மாதிரி தலை மட்டும். ஜெர்மனிக்காரன் செய்தது. கறுப்புப் பூச்சு அங்கங்கே உரிந்து, தங்க நிறப் பூக்கொடி பாதி அழிந்திருந்தது. கூடவே பழந்துணியில் சுற்றி ஒரு கைப்பிடி. இரண்டு பல்சக்கரம், மரக்குமிழ் வைத்த ஒரு கை, அவ்வளவுதான்.

"பாவாயிக்குங்க, அண்ணி" என்றார்.

நான் அப்போது என் மிஷினில் ஒரு ரவிக்கையின் கையை ஓட்டிக்கொண்டிருந்தேன். மிதியில் இருந்த கால் தானாக நின்றுவிட்டது.

சுவரைப் பார்த்த மிஷின்

என் அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தையல்காரர். நான் ஒரே பிள்ளை. பாவாடை கட்டத் தெரிந்த வயதில் ஊசியில் நூல் கோத்தேன். மிதிக்குக் கால் எட்டியவுடன் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணத்துக்கு அப்பாவால் நகை அதிகம் போட முடியவில்லை. கடையில் இருந்த இரண்டாவது கால் மிஷினை மாட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

ராசிபுரத்தில் எங்கள் தெரு நெசவுத் தெரு. வீட்டுக்கு வீடு தறி. தையல் மிஷின் மட்டும் ஒரு வீட்டிலும் இல்லை. வண்டி வந்து நின்றதும் தெருவே கூடிவிட்டது. புதுப்பெண்ணான என்னை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் மிஷினைப் பார்த்தார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

வீட்டில் நடுக்கூடம் முழுக்கத் தறி. மிஷினுக்கு ஜன்னலோரம் ஒரு மூலை கிடைத்தது. வெளிச்சத்துக்காக ஜன்னல் இருந்த சுவரைப் பார்த்துப் போட்டோம். நான் உட்கார்ந்தால் என் முதுகுதான் வீட்டுக்குத் தெரியும். வருகிறவர்கள் என் முதுகோடு பேசி, அளவு ரவிக்கையை வைத்துவிட்டுப் போவார்கள். அப்போது அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. மிஷின் ஓடும்போது யார் பேசினாலும் காதில் விழாது என்பதே ஒரு அந்தஸ்து மாதிரி இருந்தது.

என் மாமியார் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. ஆனால் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் இல்லை. நான் "டவுன் பொண்ணு." மிஷின் பக்கம் அவர் வரவே மாட்டார். சேலை மாட்டிக்கொள்ளும் என்று பயம். சாப்பாடு ஆனதும் எட்டி நின்று, "ராஜம்மா, சோறு ஆறுது" என்பார். அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.

யுத்தம் வந்து நூலுக்குத் தட்டுப்பாடு ஆனபோது தறிகள் வாரக்கணக்கில் சும்மா கிடந்தன. கூடத்தில் சத்தம் போட்டது என் மிஷின் ஒன்றுதான். அப்போது வீட்டில் என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது என்று என் வீட்டுக்காரர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். இருக்கும்.

நாமகிரிப்பேட்டைப் பெண்

பாவாயி எனக்கு ஓரகத்தியாக வந்தது அந்தச் சமயத்தில்தான். நாமகிரிப்பேட்டைக்காரி. சின்ன வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப் போயிருந்தது. முழங்காலில் கையை ஊன்றித்தான் நடப்பாள். கொழுந்தனார் அவளை ஒரு சந்தையில் பார்த்துவிட்டு, கட்டினால் இவளைத்தான் என்று நின்றுவிட்டார். மாமியார் ஒரு வாரம் மகனோடு பேசவில்லை. எட்டாம் நாள் தானே போய்ப் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டு வந்தார்.

வந்த புதிதில் அவள்மேல் எனக்கு இரக்கம்தான். இரக்கப்படுவது சுகமாகவும் இருந்தது. குடத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வேன். அவளுக்கு முன்னால் எழுந்து அடுப்பை மூட்டுவேன். நல்லவள் என்று தெருவில் பெயர் எடுத்தேன்.

பிறகு ஒரு நாள் நான் பாதியில் வைத்துவிட்டுப் போன சட்டையை எடுத்து அவள் காஜா எடுத்திருந்தாள். பொத்தான் துளைக்கு ஓரம் கட்டுவதுதான் காஜா. ஐந்து துளை. எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நூல் நூலாக நெருங்கி, அரிசி அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. என் அப்பா எனக்கு எத்தனையோ தடவை பிரித்துப் பிரித்துக் காட்டியும் எனக்கு அப்படி வந்ததில்லை. யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். யாருமில்லை, உட்கார்ந்த இடத்தில் வேறு என்ன செய்வது, அண்ணன் சட்டைகளில் எடுத்துப் பழகினேன் என்றாள்.

"பரவாயில்லையே" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

அன்றிலிருந்து காஜா, கொக்கி, ஓரத் தையல் எல்லாம் அவள் வேலையாயிற்று. வருகிறவர்கள் ரவிக்கையைத் திருப்பிப் பார்த்து ஓரத்தைத் தடவிப் பார்ப்பார்கள். மிஷின் ஓட்டிய தையலை யாரும் தடவிப் பார்ப்பதில்லை.

ஒரு தடவை மிஷின் மிதித்துப் பார்க்கிறேன் என்று ஆசைப்பட்டாள். உட்கார வைத்தேன். இடது காலால் மட்டும் மிதித்தாள். சக்கரம் பின்னால் சுற்றி நூல் அறுந்தது. நாலு தடவை அறுந்தது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. "உனக்கு இது சரிப்படாது பாவாயி" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். உள்ளே எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அதையெல்லாம் கொழுந்தனார் தறிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதன் பலன்தான் அந்தக் கோணிச்சாக்கு.

பொருந்தாத கைப்பிடி

தையல்காரர் மகளாகையால் பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தலைக்கும் அந்தக் கைப்பிடிக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். கையால் சுற்றும் மிஷினில் வலது பக்கச் சக்கரத்துக்கு ஆரக்கால் இருக்கும், வண்டிச் சக்கரம் மாதிரி. கைப்பிடியிலிருந்து ஒரு இரும்பு விரல் நீண்டு இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே நுழைந்துகொள்ளும். கைப்பிடியைச் சுற்றினால் அந்த விரல் ஆரக்காலைத் தள்ளும், சக்கரம் சுற்றும். கைப்பிடியை முடுக்குவதற்கு மிஷினின் உடம்பிலேயே துளையோடு ஒரு மேடு வார்த்திருப்பார்கள்.

கொழுந்தனார் கொண்டுவந்தது கால் மிஷினின் தலை. அதன் சக்கரம் தட்டு மாதிரி அடைத்தது. ஆரக்காலே இல்லை. விரல் எங்கே நுழையும்? உடம்பிலும் மேடு இல்லை. கைப்பிடியோ வேறு கம்பெனியுடையது. சேலத்தில் மூடிப்போன ஒரு தையல் கடையில் ஸ்டாண்டை இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போக, மிஞ்சிய தலையை இவர் வாங்கியிருக்கிறார். கைப்பிடி இன்னொரு கடையில். இரண்டும் மிஷின் சாமான்தானே, சேராமலா போகும் என்று நினைத்துவிட்டார்.

சேராது என்று நான் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னேன், ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி. பாவாயி கீழே உட்கார்ந்து மிஷினின் பூக்கொடியைச் சேலை முந்தானையால் துடைத்துக்கொண்டே கேட்டாள். கொழுந்தனாரின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே ஜெர்மனிக்காரன் செய்த கை மிஷின் ஒன்று என் அப்பாவிடம் இருந்தது. உடம்பு உடைந்து போய், அதன் ஆரக்கால் சக்கரத்தை மட்டும் கழற்றிக் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார். அளவு நாடாவையும் நூல்கண்டையும் அதில்தான் தொங்கவிடுவார். ஒரு காகிதம் எழுதிப் போட்டால் போதும், அடுத்த பஸ்ஸில் வந்துவிடும்.

நான் எழுதவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று கூட நினைக்கவில்லை. சொல்லக் கூடாது என்று தெளிவாக முடிவு செய்துகொண்டு, திரும்பி உட்கார்ந்து என் ரவிக்கையை ஓட்டினேன்.

ஆரோக்கியம் வந்தார்

கொழுந்தனார் விடுகிற ஆள் இல்லை. பஸ் கொட்டகையில் ரிப்பேர் வேலை பார்த்த ஆரோக்கியம் என்பவரைக் கூட்டி வந்தார். ஆரோக்கியம் தையல் மிஷினைத் தொட்டதே கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் சாமான் கிடைக்காமலே பஸ்ஸை ஓட வைத்துக்கொண்டிருந்த கை அது. மிஷினை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். இல்லாததை உண்டாக்கிவிடலாம், ஆனால் வார்ப்பிரும்பு, அழுத்தினால் பிளந்துவிடும், அதுதான் பயம் என்றார்.

கூடத்தில் துளை போட மாமியார் விடவில்லை. இரும்புத்தூள் தறியில் பூட்டிய பாவில் ஒட்டினால் நூல் அறும் என்று புழக்கடைக்குத் துரத்திவிட்டார். அங்கே தென்னைமரத்தடியில் கல்லின் மேல் சக்கரத்தை வைத்து, கையால் சுற்றும் துளைக்கருவியால் ஆரோக்கியம் ஒரு பகல் முழுக்கத் துளை போட்டார். கொஞ்சம் சுற்றுவார், எண்ணெய் விடுவார், ஊதுவார், மறுபடி சுற்றுவார். பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளந்துவிடும், இதோ பிளந்துவிடும் என்று காத்திருந்தேன்.

பிளக்கவில்லை. துளையில் ஒரு ஆணியை முடுக்கினார். கைப்பிடியின் விரல் ஆரக்காலுக்குப் பதில் அந்த ஆணியைத் தள்ளும்படி வளைத்தார். மேடு இல்லாத குறைக்கு ஒரு வண்டிப் பட்டையைக் காய்ச்சி வளைத்து மிஷினின் உடம்பைச் சுற்றிக் கவ்வ வைத்து, அதில் கைப்பிடியை மாட்டினார். அடியில் வேப்பம்பலகைப் பெட்டி. ஆணியின் மேல் பழைய செருப்புத் தோலைக் குழாய் மாதிரி சுற்றிவிட்டார், இரும்பும் இரும்பும் மோதாமல் இருக்க. அந்தத் தோல்தான் உயிர், அது தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

பார்க்க அசிங்கமாக இருந்தது. கை உடைந்தவனுக்குக் கட்டுப்போட்ட மாதிரி. ஆனால் ஓடிற்று. டொக், டொக் என்று ஒரு சத்தத்தோடு ஓடிற்று.

தரையில் உட்கார்ந்தவர்கள்

இனிமேல்தான் நான் எதிர்பாராதது நடந்தது.

கை மிஷினில் ஒரு சங்கடம் உண்டு. வலது கை கைப்பிடியில் போய்விடும். துணியைப் பிடிக்க இடது கை ஒன்றுதான் மிச்சம். வளைவு, கழுத்து, கைமூட்டு எல்லாம் ஒற்றைக் கையால் திருப்ப வேண்டும். பாவாயி தடுமாறுவாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

இரண்டாம் நாள் மாமியார் போய் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "நீ துணியப் புடி சாமி, நாஞ் சுத்தறேன்" என்றார்.

எட்டு வருஷமாக என் மிஷின் பக்கம் எட்டிப் பார்க்காதவர். சேலை மாட்டிக்கொள்ளும் என்று பயந்தவர். ராட்டை சுற்றிப் பழகிய கை அவருக்கு. ஒரே சீராகச் சுற்றினார். பாவாயி இரண்டு கையாலும் துணியைத் திருப்பினாள். நிறுத்துங்க அத்தை என்பாள், நிற்கும். சுத்துங்க என்பாள், சுற்றும். நடுநடுவே பேச்சு. நாமகிரிப்பேட்டைச் சந்தை, யாருடைய மாடு கன்று போட்டது, மாமியாரின் செத்துப்போன தங்கச்சி. அந்தத் தங்கச்சி பெயரை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன், முதுகைக் காட்டிக்கொண்டு.

பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கை மிஷின் தரையில் இருக்கிறது, சுற்றி உட்காரலாம். ஆளுக்குக் கொஞ்ச நேரம் சுற்றுவார்கள். சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். நான் மூலையில் மிதித்துக்கொண்டிருப்பேன். என் மிஷின் அவளுடையதைவிட இரண்டு மடங்கு வேகம். அதை யாரிடம் போய்ச் சொல்ல?

வாழப்பாடியிலிருந்து எங்கள் தெரு ஜவுளிக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாள் ஒருவர் என்னுடைய பழைய வாடிக்கை. அவர் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. ஒன்பது ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நேரே போய்ப் பாவாயிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

ஒரு தோல் துண்டு

மாரியம்மன் பண்டிகையில் ஒரு மத்தியானம். வீட்டில் எல்லோரும் தேர் பார்க்கப் போயிருந்தார்கள். பாவாயியைக் கொழுந்தனார் வண்டி வைத்துக் கூட்டிப் போனார். நான் தலைவலி என்று தங்கிவிட்டேன்.

அவள் மிஷின் துணி போர்த்தித் தரையில் இருந்தது. போய்ப் போர்வையை எடுத்தேன். கொஞ்ச நேரம் சும்மா கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தேன். பிறகு ஆணியின் மேலிருந்த தோலைக் கத்தரிக்கோல் நுனியால் கிளப்பி உருவினேன். எளிதாக வந்துவிட்டது. அடுப்பில் போட்டேன். தோல் எரிகிற நாற்றம் போவதற்காகச் சாம்பிராணி புகைத்தேன். பண்டிகை நாளானதால் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

என்ன நினைத்து அப்படிச் செய்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். மிஷின் உடைய வேண்டும் என்று நினைக்கவில்லை. சத்தம் அதிகமாகி, எல்லோருக்கும் அலுத்துப்போய் எழுந்து போகட்டும் என்று நினைத்தேன். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆரோக்கியம் இரண்டு தடவை சொன்னது என் காதிலும்தான் விழுந்திருந்தது.

தோலைக் காணாமல் பாவாயி தரையெல்லாம் தடவித் தேடினாள். தானே விழுந்திருக்கும், வேறு தோல் கிடைக்கிற வரை இது போதும் என்று துணியைச் சுற்றிக்கொண்டாள். துணி இரண்டு நாளில் நைந்தது. கல்யாண வேலை அவசரம்; நிறுத்தாமல் சுற்றினார்கள். நாலாம் நாள் காலை, நான்காவது ரவிக்கையை முடிக்கும்போது, டக் என்று ஒரு சத்தம். துளையிலிருந்து விளிம்பு வரை சக்கரத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. ஆரோக்கியம் வந்து பார்த்துவிட்டு, இதை ஒட்டவைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

மிச்ச ஐந்து ரவிக்கையை மாமியார் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தார். நான் ஆசைப்பட்டது என் மடிக்கே வந்துவிட்டது. பாவாயி வெட்டி வைத்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள், எது முன்பக்கம் எது கை என்று சொல்லிச் சொல்லி. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மிஷினை மட்டும் பழையபடி போர்த்தி வைத்துவிட்டாள். கூடத்தில் பெண்கள் வருவதும் நின்றுபோயிற்று. சத்தமே இல்லை, என் மிஷினைத் தவிர.

சேலத்துக்குப் போனேன்

இதற்குப் பிறகு மனசு மாறி நான் நல்லவளாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பயம்தான் என்னைக் கிளப்பியது.

கொழுந்தனார் மறுபடி சேலத்துக்குப் போகிறேன் என்றார். கடை கடையாக ஏறி ஆரக்கால் சக்கரம் தேடப் போவதாகச் சொல்லிவிட்டு, "செவ்வாப்பேட்டைல அண்ணியோட அப்பாருகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுப் பாக்கறனுங்க" என்றார்.

அவர் போனால் கடைச் சுவரில் சக்கரத்தைப் பார்ப்பார். அப்பா கபடம் இல்லாத மனிதர். ராஜம் இதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவளாயிற்றே, சொல்லவில்லையா என்று கேட்பார். நானே போகிறேன், அப்பாவைப் பார்த்தும் நாளாயிற்று என்று முந்திக்கொண்டேன்.

விடிந்ததும் கரி பஸ்ஸில் ஏறினேன். மேட்டில் எல்லோரும் இறங்கித் தள்ளியபோது நானும் இறங்கி நின்றேன். அப்படியே திரும்பி நடந்து போய்விடலாமா என்று கூடத் தோன்றியது.

சக்கரம் எதற்கு வேண்டும் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாடாவை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சக்கரத்தை ஆணியிலிருந்து கழற்றி, தூசியைத் துடைத்து, பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார். துருப்பிடித்த இடத்தில் மண்ணெண்ணெய் போடச் சொன்னார். மடியில் வைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே திரும்பினேன். சின்னச் சாமான்தான். வழியெல்லாம் கனத்தது.

ஆரோக்கியம் வந்து பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். அச்சில் அளவாக இறங்கியது. கைப்பிடியின் விரல் மட்டும் கொஞ்சம் பருமன்; ஆரக்கால்களுக்கு நடுவே நுழையவில்லை. அரத்தால் ராவி ராவி இளைக்க வைத்து, நுனிக்கு மெல்லிய தோல் போட்டார். பாவாயி கைப்பிடியைத் தொட்டுச் சுற்றினாள். டொக் சத்தமே இல்லை. எண்ணெயில் போகிற மாதிரி போயிற்று.

மாமியார் என் பக்கம் திரும்பினார். கிட்டே வந்து, இரண்டு கையாலும் என் கன்னத்தை வழித்து, "எஞ் சாமி. பஸ்ஸுல நசுங்கிப் போயி கொண்டாந்திருக்கற பாரு" என்றார்.

அந்த வார்த்தைக்காக எட்டு வருஷம் காத்திருந்தவள் நான். அது வந்தபோது புழக்கடைக்குப் போய் முகம் கழுவுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

சொல்லிவிட்டேன்

மறுநாள் மத்தியானம் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். ஆண்கள் நூல் கிடைக்குமா என்று விசாரிக்கப் போயிருந்தார்கள். பாவாயி கல்யாணப் பெண்ணின் ரவிக்கைகளில் நான் இன்னும் தைக்காத ஒன்றை எடுத்து வைத்து, ஒற்றைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன். எட்டு வருஷத்தில் அந்தக் கூடத்தின் தரையில் வேலை நேரத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சக்கரம் என் அப்பா கடையில் இருந்தது எனக்கு முதல் நாளே தெரியும் என்றேன். தோலை உருவி அடுப்பில் போட்டது நான்தான் என்றேன். ஏன் என்று அவள் கேட்பதற்கு முன்னால் அதையும் சொல்லிவிட்டேன். உன்மேல் பொறாமை பாவாயி என்றேன். கால் முடியாத ஒருத்தியைப் பார்த்து இப்படிச் சொல்கிற வாய் எனக்கே கூசியது.

அவள் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. சக்கரம் மட்டும் நின்றிருந்தது. மாமியாரிடம் சொல்வாள், கொழுந்தனாரிடம் சொல்வாள், பாத்திரத்தைப் பிரித்து எங்களைத் தனிக்குடித்தனம் வைப்பார்கள் என்று எனக்குள் எல்லாம் ஓடியது.

"எனக்கும் உங்க மேல பொறாமைதானுங்க அக்கா" என்றாள். "தாகம் எடுத்தா நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுப் போயித் தண்ணி மோந்து குடிக்கறீங்க. அத்தன தடவையும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

கைக்கு என்ன அளவு என்று கேட்டால் சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னாள். கோபம் இல்லை. மன்னிப்பும் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிற்பாடும் பேசவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை என்பது வருஷங்கள் போகப் போகத்தான் எனக்கு உறுதியாயிற்று.

கொஞ்ச நேரம் கழித்து, கழுத்து வளைவு வருகிறது, சுற்றுகிறீர்களா என்று கேட்டாள். அவள் வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்தேன். மிதித்துப் பழகிய வேகம் எனக்கு. நான் வேகமாகச் சுற்றும்போதெல்லாம் உள்ளங்கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினாள். கழுத்து முடிவதற்குள் நாலைந்து தடவை நிறுத்தியிருப்பாள். அவள் இரண்டு கையும் துணியைத் திருப்புவதை அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கு அது வராது என்று தெரிந்துகொண்டேன்.

கல்யாணத்துக்கு ஒன்பது ரவிக்கையும் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தன. யுத்தம் முடிந்து நூல் வரத் தொடங்கியதும் தறிகள் ஓடின. இரண்டு மிஷினும் கூடவே ஓடின. சில வருஷம் கழித்துக் குடும்பம் பாகம் பிரிந்தபோது கொழுந்தனார் அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டு போனார். பாவாயி மிஷினை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போனாள். மாமியாரும் அவர்களோடு போய்விட்டார்.

கல்யாண ரவிக்கைக்கு யாராவது என்னிடம் வந்தால், இதற்கு நீங்கள் பாவாயியிடம் போக வேண்டும், அவள் கைதான் கை என்று அனுப்பி வைப்பேன். எல்லோரையும் அப்படி அனுப்பினேன் என்று எழுதினால் அது பொய்.